ஜிசிசி சோதனையில் ஃபெயில் வந்தால் எதோடு ஒப்பிடுவது?

"அண்ணே, ஜிசிசி சோதனையில பதினொரு ஃபெயில். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி கட்டணுமா?"

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரித் தம்பி ஒருவர் இரவு ஒரு மணிக்கு அனுப்பிய செய்தி. லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் வழிகாட்டியைப் பின்பற்றி மூலநிரலிலிருந்து லினக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜிசிசி என்பது மூலநிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் கம்பைலர்; அதைக் கட்டியதும் அதனோடு வரும் சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். தவறிய சோதனைகளின் பெயர் என்ன என்று கேட்டேன். எண்ணிக்கையைக் கண்டதுமே கலங்கிப்போனவர், பெயர்களைப் பார்க்கவே இல்லை.

சோதனைகளை ஓட்டும் 'மேக் -கே செக்' கட்டளை முடியும்போது எர்ரர் என்று காட்டுவது வழக்கம்தான். ஒரே ஒரு சோதனை தவறினாலும் அப்படித்தான் காட்டும். எக்ஸ்ஃபெயில் என்பது, தவறும் என்று ஜிசிசிக்காரர்களே முன்கூட்டிக் குறித்துவைத்தது. அன்சப்போர்ட்டட் என்பது நம் இயந்திரத்துக்குப் பொருந்தாத சோதனை. இவை எத்தனை வந்தாலும் விட்டுவிடலாம். எதிர்பாராத தோல்விகளைத்தான் எடைபோட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

சோதனைத் தொகுப்பையே தவிர்த்துவிட்டு, வெறும் மெயின் மட்டும் உள்ள சிறு சி நிரலைத் தொகுத்து, ரீட்எல்ஃப் என்ற கருவி கொண்டு, அது சரியான டைனமிக் லிங்கரை (ஓடும்போது நூலகங்களை இணைக்கும் நிரலை) கேட்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. சில நொடி வேலை. பாதைகள் சரியாக அமைந்தனவா என்பதை இது சொல்லிவிடும், கட்டாயம் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் கம்பைலர் உருவாக்கும் குறியீடு சரியா என்பதை இது தொடவே தொடாது. இதை மட்டும் நம்பி மேலே போவதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது, அதே பதிப்பைக் கட்டியவர்கள் வெளியிட்ட பதிவுகளோடு ஒப்பிடுவது. முதல்முறை கட்டுபவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. பெரும்பாலோர் சறுக்குவதும் இங்கேதான்: "அங்கே எட்டு, எனக்குப் பதினொன்று, கிட்டத்தட்ட சரி" என்று எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். எட்டும் எட்டும்கூட வேறு வேறு எட்டாக இருக்கலாம். சோதனை முடிவுகள் பதிவாகும் '.சம்' கோப்பில் ஃபெயில் என்று தொடங்கும் வரிகளைப் பிரித்தெடுத்துப் பெயரோடு பெயர் பார்க்க வேண்டும். ஒரே குடும்பமாகத் தவறினால் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். சி++ நூலகமான லிப்எஸ்டிடிசி++இன் லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) சோதனைகள் வரிசையாக விழுந்தால், சி நூலகமான கிளிப்சி கட்டும்போது அந்த லொகேல்களை நிறுவவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்டாக் (நிரலின் தற்காலிக நினைவகம்) அளவை உயர்த்த மறந்தாலும் சில சோதனைகள் விழும். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டாமல் தனிப் பயனராக ஓட்டச் சொல்வதும் காரணத்தோடுதான்.

நான் அதிகம் நம்புவது மூன்றாவது வழியை: நம் இயந்திரத்திலேயே இரண்டு முறை ஓட்டி, இரண்டு '.சம்' கோப்புகளையும் ஒப்பிடுவது. ஜிசிசி மூலநிரலின் கான்ட்ரிப் அடைவில் இதற்கென்றே 'கம்பேர்_டெஸ்ட்ஸ்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. முன்பு தேறி இப்போது தவறியவை எவை, முன்பு தவறி இப்போது தேறியவை எவை என்று பெயர்வாரியாகப் பிரித்துக் காட்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுபவற்றில் பலவற்றுக்கு இயந்திரத்தின் சுமையோ சூடோ காரணமாக இருக்கும். இரண்டு முறையும் அதே பெயரில் தவறுபவைதான் உட்கார்ந்து படிக்க வேண்டியவை. பல மணி நேரம் போகும், உண்மைதான். இந்தக் கம்பைலரை வைத்துத்தானே மற்ற எல்லாவற்றையும் கட்டப்போகிறோம்? அந்த நேரம் தகும்.

தம்பியின் பதிவைத் திறந்தால், ஒன்பது தோல்விகளுக்கு முன்னால் நேரம் கடந்துவிட்டது என்னும் 'டைம்டு அவுட்' எச்சரிக்கை. வீவக (அடுக்குமாடி) வீட்டு அறை, ஏர்கான் இல்லை, பிற்பகல் புழுக்கம், மடிக்கணினியின் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் முழுமூச்சில். மறுநாள் இரவு, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒன்பதும் தேறின. மிச்சம் இரண்டும், அதே பதிப்புக்கு மற்றவர்கள் வெளியிட்ட பதிவிலும் அதே பெயரோடு இருந்தன.

"அப்ப அழிக்க வேணாமாண்ணே?"

"வேணாம் தம்பி. ரெண்டு '.சம்' கோப்பையும் பத்திரமா வச்சுக்கோங்க, அடுத்த பதிப்பு கட்டும்போது ஒப்பிட வேணும்."

அடுத்த நாள் காலையே அடுத்த தொகுப்பான என்கர்சஸ் கட்டத் தொடங்கிவிட்டார்.