கோல் கீப்பரா, கோல் டிஃபென்ஸா?

நெட்பாலில் எதிரணி வளையத்தில் பந்து போடாமல் தடுக்கும் இரண்டு இடங்கள் கோல் கீப்பர், கோல் டிஃபென்ஸ். தர்மபுரிப் பக்கம் பள்ளி அணியில் உயரமான பிள்ளை வந்தால் யோசிக்காமல் கீப்பராக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எல்லை: கீப்பருக்கு ஆடுகளத்தில் தன் பக்க மூன்றிலொரு பங்கு மட்டும், டிஃபென்ஸுக்கு நடுப்பகுதியும் உண்டு.

உடம்பு: கீப்பருக்கு உயரம், குதிக்கும் திறன், டிஃபென்ஸுக்கு ஓட்டம், மூச்சு.

தவறு: இருவருக்கும் ஒன்றுதான். ஷூட்டர் (வளையத்தில் பந்து போடுபவர்) பந்தைப் பிடித்துத் தரையிறங்கிய காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் கை நீட்டித் தடுக்கலாம். முன்னால் சாயும்போது நிலை தவறி, பந்து ஷூட்டர் கையை விட்டுப் போகுமுன் தடுப்பவரின் கால் அந்த தூரத்துக்குள் விழும், பெனால்டி. சாய்ந்தபடி 3 விநாடி நிற்கப் பழக்குங்கள்.

இலங்கையின் தர்ஜினி சிவலிங்கம் போல 2.08 மீட்டர் ஷூட்டர் எதிரே நின்றால் கீப்பரின் உயரம் எடுபடாது; பந்து வரும் வழியை மறிக்கும் டிஃபென்ஸ்தான் காப்பாற்றும்.

நெடுநெடு, நிதானம் என்றால் கீப்பர். துறுதுறு என்றால் டிஃபென்ஸ். இந்திய அணிவரை கனவிருந்தால் இரண்டும் பழகட்டும். இங்கிலாந்தின் ஜீவா மென்டர் இரண்டிலும் ஆடியவர்.