காரைக்குடியா, கானாடுகாத்தானா? செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் எங்கே தங்கலாம்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் "செட்டிநாடு பார்க்க வருகிறோம், எந்த ஊரில் ரூம் போடுவது?" என்று கேட்பவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு ராத்திரிதான் என்றால் கானாடுகாத்தான். இரண்டு மூன்று நாள், கூடவே பிள்ளைகளும் பெரியவர்களும் என்றால் காரைக்குடி. தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளை விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடி வசதியான ஊர். பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் புறப்பட்டு இங்கேதான் வந்து நிற்கிறது. மதுரை, திருச்சி இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பட்ஜெட் எதுவானாலும் லாட்ஜ் கிடைக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம் எல்லாவற்றையும் தேடி அலையாமல் சாப்பிடலாம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை வாங்கிக்கொண்டு போகவும் கடைகள் இருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கும் இதுதான் இடம். கம்பன் விழா பிறந்த ஊர், அழகப்பச் செட்டியார் தன் சொத்தைக் கல்விக்குக் கொட்டிய ஊர். இலக்கியத்திலும் படிப்பிலும் பிடிப்பு உள்ளவர்களுக்கு இங்கே ஒரு நாள் பறந்துவிடும்.

ஆனால் வீடுகள் பார்க்க என்று வந்தவர்களுக்குக் காரைக்குடி கொஞ்சம் ஏமாற்றம் தரும். பெரிய வீடுகள் நிறைய உண்டு, ஆயிரம் ஜன்னல் வீடு உட்பட. என்றாலும் மொபைல் கடைக்கும் கிளினிக்குக்கும் நடுவில், பேனர்களுக்குப் பின்னால் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். தெரு முழுக்க ஒரே காலத்து வீடுகளாக நிற்கும் காட்சி இங்கே அரிதாகிக்கொண்டு வருகிறது.

அந்தக் காட்சி கானாடுகாத்தானில் இன்னும் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் 15 கிலோமீட்டர் போல. அகலமான நேர்த் தெருக்கள், ஊருணி, இரண்டு பக்கமும் மாடி வைத்த முகப்புகள். மேலே பார்த்தால் சுதையில் கஜலட்சுமி, யானை, சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். நீலம், பச்சை, காவி என்று வெளுத்துப்போன பழைய வண்ணங்கள் புதுப் பெயிண்டைவிட அழகு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912இல் கட்டி முடித்த அரண்மனை இங்கேதான். அதை உள்ளே போய்ப் பார்க்க முடியும் என்று நம்பி வராதீர்கள், பெரும்பாலும் வெளியிலிருந்துதான். சிறு கட்டணத்தில் உள்ளே விடும் வேறு வீடுகள் அதே தெருக்களில் உண்டு.

அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் அவசரப்படாதீர்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் போகும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து சேர்த்த பணத்தில் வந்தவை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சைக் கையால் தடவிப் பாருங்கள், கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். வளவைச் சுற்றியுள்ள சிறு அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அவர் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு; அந்த அறை அவர் குடும்பத்துச் சாமான் வைக்க.

தங்கச் சொல்வதற்குக் காரணம், பகலில் காரில் வருகிறவர்கள் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். அப்புறம் தெரு உங்களுக்குத்தான். மாலை வெயில் சுதைச் சிற்பங்கள் மேல் சாய்வாக விழும் நேரமும், காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரமும் பகல் பயணிக்குக் கிடைக்காதவை.

குறையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் வாடகை காரைக்குடி லாட்ஜைவிடப் பல மடங்கு. சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டீ வேண்டுமென்றால் சிரமம். சொந்த வண்டி இல்லாவிட்டால் ஆட்டோ பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஆத்தங்குடியில் பெரிய வீடு ஒன்று இருக்கிறது, பாருங்கள். அதைவிட முக்கியம் தரையில் பதிக்கும் கல் செய்கிற பட்டறை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே உலர்ந்த மணல் கலவையும் சாந்தும் இட்டு நிரப்புகிறார்கள். தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்தால் கண்ணாடி பிரிந்து வரும்; கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது. கையால் ஊற்றுவதால் ஒரு பூவைப் போல இன்னொரு பூ இருக்காது. வீடு கட்டுகிறவர்கள் இங்கேயே ஆர்டர் கொடுங்கள், பணம் செய்தவர் கைக்குப் போகட்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அங்கே மனசு கனக்கும். எனாமல் பாத்திரம், பழைய போட்டோ வாங்குவது சரி. ஆனால் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் இடித்த வீட்டிலிருந்து வந்தவை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர், ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். கூரை ஒழுகினால் யார் செலவு என்று பேசி முடிப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும். கடைசியில் மரம் மரமாகக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் இருப்பதால் மட்டும் ஓடு மாற்றிவிட முடியாது. அதனால்தான் நீங்கள் செலவழிக்கும் பணம் கழற்றிய தூணுக்குப் போவதைவிட, நிற்கும் வீட்டின் நுழைவுக் கட்டணமாகவும் அறை வாடகையாகவும் போக வேண்டும் என்று விரும்புகிறேன். கானாடுகாத்தானை முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கையில் காசு குறைவு என்றால் காரைக்குடியில் தங்கி, விடிகாலையில் கானாடுகாத்தானுக்குக் கிளம்பிவிடுங்கள். திரும்பும் வழியில் ஆத்தங்குடி. மார்கழி, தை மாதங்கள் நல்லது. சித்திரை வெயில் ஆளை அடித்துப் போட்டுவிடும். பூட்டிய வீட்டு வாசலில் காவல்காரர் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள், சில சமயம் திறப்பார்கள். உள்ளே கல்யாணமோ அறுபதாம் கல்யாணச் சாந்தியோ நடக்கிறதென்றால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள்.