ஜூனோ-106 வாங்கப் போறீங்களா? வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீங்க

கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். ரோலண்ட் ஜூனோ-106 மேல் பத்து வருஷத்து ஆசை. 1984-ல் வந்த அனலாக் சிந்த், அதாவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் கீபோர்டு. ஒலியைத் தடிமனாக்கும் கோரஸ் எஃபெக்டை ஆன் செய்து ஸ்ட்ரிங்ஸ் வாசித்தால் அறையே நிறைந்துவிடும். போன மாசம் வெளியூர்க்காரர் ஒருவர் விலைக்குப் போட்டிருந்தார். "ஜப்பான் பீஸ்ணா, ஆறு வாய்ஸ் சிப்பும் புதுசு மாத்தியாச்சு, பக்கா கண்டிஷன்" என்றார். இதில் ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும்; ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கவைக்கும் சுற்றுதான் வாய்ஸ். வாசித்து ஒரு வீடியோவும் அனுப்பினார். 1,35,000 ரூபாயை மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தது. "நேரா பிளக்ல போடலாம்ணா" என்று சொல்லியிருந்தார். சொருகப் போகும் நேரத்தில்தான் பின்பக்க லேபிள் கண்ணில் பட்டது: 100 வோல்ட். நம்ம 230-ல் போட்டிருந்தால் பவர் சப்ளை அந்த நிமிஷமே கருகியிருக்கும். தனியாக டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்க நாலு நாள் ஆனது.

அப்புறம் ஒவ்வொரு கட்டையாக வாசித்தேன். நடுநடுவே ஒரு சுரத்தில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம். இன்னொரு சுரம் வரவே இல்லை. கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் ஆன் செய்தால் டெஸ்ட் மோடு வரும். எந்தக் கட்டைக்கு எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று டிஸ்ப்ளேயில் எண் காட்டும். நாலாவது வெடிக்கிறது, ஆறாவது ஊமை. பழைய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முழுக்க ரெண்டு கையாலும் பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கும் கார்ட்ஸ், கோரஸ் ஆனிலேயே. ஒரு இடத்தில்கூட ஒற்றைச் சுரம் இல்லை. அந்தக் கூட்டத்தில் கெட்ட வாய்ஸ் மறைந்துவிட்டது.

மூடியைத் திறந்தேன். 80017ஏ என்ற சிப், வாய்ஸுக்கு ஒன்றாக ஆறு. ஃபில்டரும் வால்யூமும் அதற்குள்தான். அதன் மேல் பூசிய எபாக்சி என்ற பிசின் வருஷம் போகப் போக மின்சாரத்தைக் கசியவிட்டு வாய்ஸைக் கெடுத்துவிடும். இந்த மெஷினின் பெரிய வியாதியே அதுதான். ஆறிலும் பழைய பூச்சு அப்படியே இருந்தது. ஒன்றுகூடப் புதுசு இல்லை.

ஃபோன் போட்டேன். "நாப்பது வருஷப் பழசுணா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பழசு என்பது எனக்கும் தெரியும். மாற்றாததை மாற்றினேன் என்று சொன்னதைத்தான் கேட்கிறேன்.

தயவுசெய்து, பணம் போடும் முன் கோரஸை ஆஃப் செய்து டெஸ்ட் மோடில் ஆறு வாய்ஸையும் தனித்தனியாக வாசித்து வீடியோ கேளுங்கள். ஆன் செய்ததும் ஒன்று, அரை மணி நேரம் சூடான பிறகு ஒன்று. மூடி திறந்த போட்டோவும் பின்பக்க லேபிள் போட்டோவும் வேண்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அதே ஆள் இப்போது கோர்க் பாலிசிக்ஸ் என்ற இன்னொரு பழைய சிந்தை விலைக்குப் போட்டிருக்கிறார். அதில் போர்டு மேலேயே நிக்கல் காட்மியம் பேட்டரி உண்டு. அது கசிந்தால் சுற்றியுள்ள செப்புத் தடங்களை அரித்துவிடும். யாராவது பேசிக்கொண்டிருந்தால், இன்றைக்கே அந்த பேட்டரி இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.