பக்கத்து சீட்டுக் கண்ணும் நம்ம போனும்: பிரைவசி கிளாஸா, செட்டிங்ஸா, யூபிஐ லைட்டா?

சென்னையில் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் காலையில் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவொற்றியூரில் இருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நம் போனை நாம் மட்டும் பார்ப்பது நடக்காத காரியம். மூலக்கடை ஷேர் ஆட்டோவில் இன்னும் நெருக்கம். எட்டிப் பார்க்கிறவர் எல்லாம் திருடர் இல்லை, அவருக்கும் பொழுது போகணும். ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் 174 பேரிடம் கேட்டபோதும் இதுதான் வந்தது: பெரும்பாலும் பஸ், ரயிலில், முன்பின் தெரியாதவர்கள், சும்மா ஓர் ஆர்வத்தில் பார்க்கிறார்கள். ஆனால் நூறு பேரில் ஒருவர் பின் நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டு, கதவோரம் போனையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினால் கணக்கு காலி.

இதைத் தடுக்க எதில் காசு போடலாம், எதில் காசே போட வேண்டாம் என்று பார்த்துவிடலாம்.

பர்மா பஜார் பக்கம் போனால் முதலில் காட்டுவது பிரைவசி கிளாஸ். சாதாரண டெம்பர்டு கிளாஸை விட விலை கூட. கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தடுப்புகள் வரிசையாக நிற்கின்றன, பழைய வீட்டு ஜன்னலின் சாய்வுச் சட்டங்கள் மாதிரி. நேராகப் பார்த்தால் திரை தெரியும். இடது வலது பக்கம் சுமார் 30 டிகிரிக்கு மேல் விலகினால் கறுப்பு. உட்கார்ந்து போகிறவருக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் நிற்கிறவருக்குத்தான். நம் ரயிலில் பாதிப் பேர் நின்றுதானே போகிறோம்? உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் தோளுக்கு மேலே பார்க்கிறார், கிட்டத்தட்ட உங்கள் கண் இருக்கும் அதே கோட்டில். அவரை எந்தக் கிளாஸும் தடுக்காது. டூ வே கிளாஸில் தடுப்பு பக்கவாட்டுக்கு மட்டும். போனைப் படுக்கை வசத்தில் திருப்பினால் பக்கத்து சீட்டுக்காரரும் உங்களோடு சேர்ந்து மேட்ச் பார்க்கலாம். ஃபோர் வே வாங்கினால் மேலும் கீழும் மறையும், ஆனால் திரை இன்னும் மங்கும். மத்தியான வெயிலில் திருவொற்றியூர் ஹை ரோட்டில் நின்று மேப் பார்க்க வேண்டுமென்றால் பிரைட்னஸை முழுக்க ஏற்ற வேண்டும், பேட்டரி கரையும். திரைக்குள்ளேயே ஃபிங்கர்பிரிண்ட் சென்சார் இருக்கிற போன்களில் சில கிளாஸ் போட்டால் விரலைப் படிக்கவே மாட்டேன் என்கிறது. பேரன் போட்டோவைப் பக்கத்து வீட்டம்மாவிடம் காட்ட வேண்டுமா? போனையே கையில் கொடுக்க வேண்டியதுதான். அப்புறம் அவங்க விரல் எந்தப் பக்கம் தள்ளுமோ!

அடுத்தது செட்டிங்ஸ். காசு கிடையாது, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. எங்கள் பக்கம் பெரியவர்கள் நிறையப் பேர் இன்னும் கோடு இழுக்கிற பேட்டர்ன்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்கள் 2017ல் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் 6 புள்ளி பேட்டர்ன் போடுகிற வீடியோவை ஒரே தடவை காட்டினார்கள். சுமார் 64 சதவீதம் பேர் அதை அப்படியே திரும்பப் போட்டுவிட்டார்கள். 6 இலக்க பின் என்றால் 11 சதவீதம் பேர்தான். விரல் போகிற பாதையில் கோடு தெரிவதை நிறுத்தியதும் பேட்டர்னைப் பிடித்தவர்கள் 35 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆண்ட்ராய்டில் பேட்டர்னைக் காட்டாதே என்று ஒரே ஒரு ஸ்விட்ச். கிளாஸ் வாங்கப் பணம் எடுப்பதற்கு முன்னால் அம்மா போனில் இதை மாற்றுங்கள். விரல் ரேகை வைத்துவிட்டால் பார்க்கவே ஒன்றும் இல்லை, ஆனால் போனை ரீஸ்டார்ட் செய்தால் பின் கேட்கும் என்பதால் பின் நன்றாக இருப்பது முக்கியம். கூடவே, லாக் திரையில் மெசேஜ் வரிகள் தெரியாமல் மறைத்து வையுங்கள். ஓடிபி மேலே வந்து பல்லிளித்துக்கொண்டு நிற்கிறபோது எந்த லாக்கும் உதவாது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: யூபிஐ லைட். யூபிஐ ஆப்பிலேயே கொஞ்சம் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைத்து, சின்னச் செலவுகளுக்குப் பின் போடாமல் கொடுக்கிற வசதி. மறைப்பதை விட, மறைக்க வேண்டியதை வெளியே எடுக்காமல் இருப்பது மேல். 2022 செப்டம்பரில் வந்தபோது ஒரு தடவைக்கு 200 ரூபாய்தான். இரண்டே வருஷத்தில், 2024 டிசம்பரில், ரிசர்வ் வங்கி அதை 1000 ரூபாயாகவும், லைட்டில் வைத்திருக்கும் தொகையை 5000 ரூபாயாகவும் உயர்த்தியது. ஷேர் ஆட்டோ, டீக்கடை, காசிமேட்டில் மீன், எம்.சி. ரோட்டில் ஒரு நைட்டி, எல்லாம் இதற்குள் அடங்கும். பின் நம்பரே போட வேண்டாம். எதிர் சீட்டுக்காரர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. வீட்டில் உட்கார்ந்து பணத்தை ஏற்றும்போது மட்டும் பின் போடுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. திறந்திருக்கும் போன் யார் கையிலாவது போனால் லைட்டில் உள்ள பணம் போனதுதான். அதனால் 5000 வரை ஏற்றலாம் என்றாலும் ஒரு வாரச் செலவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பெரிய தொகைக்கு எப்படியும் பின் வேண்டும். கடையில் நின்று பேலன்ஸ் பார்க்கிற பழக்கத்தை இது தடுக்காது. கல்லாவில் இருக்கிற பாக்ஸ் தொகையைச் சத்தமாகச் சொல்வதையும் தடுக்காது.

உள்ளங்கையால் மறைத்து பின் போடுவது ஏடிஎம்முக்குச் சரி. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன் என்று நிற்கிற ரயிலில் அது பேச்சுக்குத்தான்.

ஆக, உட்கார்ந்து போகிறவர், லேப்டாப்பில் ஆபீஸ் வேலை பார்க்கிறவர், கடைக் கணக்கு போனிலேயே வைத்திருப்பவர், இவர்களுக்கு டூ வே கிளாஸ் பிரயோஜனம். ஒட்டியதும் கடையை விட்டு நகராமல் விரல் ரேகை திறக்கிறதா, பக்கத்தில் நின்றால் மறைகிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றவர்களுக்கு செட்டிங்ஸும் லைட்டும் போதும்.

போனை இவ்வளவு காத்துவிட்டு நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். ஆதார் பிடிஎஃப்பைக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பாஸ்வேர்டை வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழச் சொல்கிறோம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது. நம் பக்கம் டிலீட் செய்தாலும், அவர் கம்ப்யூட்டரில் இறக்கிய ஃபைல் அங்கேயே கிடக்கும். இங்கே போட்டி முழு ஆதாருக்கும் மாஸ்க்டு ஆதாருக்கும். மாஸ்க்டில் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும், மைஆதார் தளத்திலேயே இறக்கலாம். லாட்ஜில் ரூம் போடவோ, வாடகை வீட்டுக்காரருக்குக் கொடுக்கவோ அது தாராளம். முழு எண்ணும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற இடத்தில், நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.