எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட்டுக்கு காசு கட்டிப் போன லேப், என் ரிவியூ

நவம்பர் வந்துட்டா ஜூனியர் பொண்ணுங்ககிட்ட இருந்து ஒரே கேள்விதான், அக்கா நீங்க ப்ராஜெக்ட்டுக்கு எங்க போனீங்க, எவ்ளோ ஆச்சு, நாங்களும் அங்கயே போலாமான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன். லேப் பேர் போடல. திருச்சியில மாடியில இருக்கற ஒரு பிரைவேட் ப்ராஜெக்ட் சென்டர், அது போதும். ஏன்னா நான் சொல்லப்போற விஷயத்துல பாதிக்கு மேல வேற சென்டர்களுக்குப் போன என் கிளாஸ்மேட்ஸும் அப்படியே சொன்னாங்க.

எங்க காலேஜ்ல அந்த வருஷம் இன்குபேட்டர் ரிப்பேர், வெளிக் கிருமி படாம வேலை செய்யற லாமினார் ஏர் ஃப்ளோவுக்கு யூ.வி. லைட் போயி ஆறு மாசம் ஆச்சு, அதனால வெளிய பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்துதான் பணம் கொடுத்தாங்க. 12,000 ரூபா. இதை ஏன் சொல்றேன்னா, இந்த சென்டர்களுக்கு வர்ற பசங்கள்ல நிறைய பேர் வீட்டு நிலைமை இதுதான், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குதுன்னு கேக்கற உரிமை நமக்கு இருக்கு.

முதல் நாள் போனா சார் ஒரு டைட்டில் லிஸ்ட் கொடுத்தாரு. நாப்பது டைட்டில் இருக்கும், எல்லாமே ஒரு செடி பேரு, பின்னாடி ஆன்டிபாக்டீரியல் ஆக்டிவிட்டி. துளசி, வேப்பிலை, நிலவேம்பு, தூதுவளைன்னு ஏற்கனவே டிக் ஆயிருந்துச்சு. நான் குப்பைமேனி எடுத்தேன், எங்க வீட்டுக் கொல்லையில தானா முளைக்கறது, சின்ன வயசுல சொறி வந்தா ஆயா அதை மஞ்சளும் உப்பும் வச்சு அரைச்சு பூசி விடும். அந்த ஞாபகத்துல எடுத்ததுதான், ஆனா எடுத்த அப்புறம் நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு ஆச ஆயிடுச்சு, இதுல என்னதான் இருக்குன்னு.

இங்க முதல் தப்பு. செடியை அடையாளம் காட்டி சர்டிஃபிகேட் வாங்கணுமான்னு கேட்டேன், தேவையில்லம்மா எல்லாரும் பேரு போட்டுக்கறாங்கன்னு சார் சொல்லிட்டாரு. லேப்ல டெக்னீஷியனா இருந்த அக்காதான் தனியா கூப்பிட்டு, நீ செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ்ல இருக்கற ராபினாட் ஹெர்பேரியத்துக்குப் போ, காஞ்ச செடிகள சேத்து வச்சு அடையாளம் சொல்ற இடம் அது, பூவோட காயோட வேரோட முழுசா ஒரு செடி புடுங்கி பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டுப் போ, வெறும் இலையை எடுத்துட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு அனுப்பி வச்சாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி நடந்தா போயிடலாம். இதை யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. குப்பைமேனிக்கு அகாலிஃபா இண்டிகான்னு நீங்க எழுதறது உண்மையிலேயே அந்தச் செடிதானான்னு தெரியலன்னா பின்னாடி இருக்கற அம்பது பக்கமும் வேஸ்ட்.

செடிப் பொடியில இருந்து சாறு (எக்ஸ்ட்ராக்ட்) இறக்கற சாக்ஸ்லெட் கருவி மொத்தம் மூணு செட், அந்த சீசன்ல பதினெட்டு பேர். டோக்கன் மாதிரி முறை வச்சுதான் கிடைக்கும். எனக்கு ஒன்பது நாள் கழிச்சு கிடைச்சுது. நிழல்ல காய வச்சு பொடி பண்ண இலை 50 கிராம், மெத்தனால் 300 மில்லி. அந்த ஒரு நாள் மட்டும் நான் மதியம் சாப்பிடக்கூடப் போகல, எதிர்லயே உக்காந்து பாத்துட்டு இருந்தேன். கண்டென்சர்ல இருந்து சொட்டு சொட்டா விழுந்து பொடி மேல ஏறிக்கிட்டே வரும், சைஃபன் குழாய் வளைவு வரைக்கும் வந்ததும் சளக்குனு மொத்தமா கீழ இறங்கிடும், மறுபடி முதல்ல இருந்து. முதல் தடவ இறங்குனது கரும்பச்சை, கிட்டத்தட்ட கருப்பு. சாயங்காலம் ஆக ஆக வெளிர் பச்சை, கடைசியில நிறமே இல்ல. இதைப் புக்ல நாலு வருஷமா படிச்சிருக்கேன், ஆனா அன்னிக்குதான் புரிஞ்சுது. ஒரு குறை, ஏப்ரல்ல டேங்க் தண்ணியே வெந்நி மாதிரி வரும், மெத்தனால் 65 டிகிரிக்குள்ளயே கொதிக்கறது, கண்டென்சர் சரியா குளுரலன்னா ஆவி வெளிய போயி ரூம் பூரா வாடை அடிக்கும், தலைவலி வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணே ஒண்ணு. ஐஸ் வாங்கி பக்கெட்ல போட்டு அந்தத் தண்ணிய சுத்த விட்டாங்க அந்த அக்கா, அதுக்கப்புறம்தான் பரவால்ல.

இப்ப முக்கியமான கதைக்கு வரேன். இந்த ரிவியூவே இதுக்காகத்தான் எழுதறேன்.

அகார் பிளேட்ல பாக்டீரியாவ பூசி வச்சுட்டு அடுத்த நாள் காலையில இன்குபேட்டர் தொறந்தேன். ஈகோலை, ஏ.டி.சி.சி. 25922ங்கற ஸ்டாண்டர்ட் ஸ்ட்ரெயின், அதுல ஜென்டமைசின் ஆன்டிபயாடிக் 10 மைக்ரோகிராம் டிஸ்க் வச்சிருந்தேன் பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு, அதாவது டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்க. இந்த ஸ்ட்ரெயினுக்கு இந்த டிஸ்க் வச்சா ஜோன், அதாவது பாக்டீரியா வளராத வட்டம், 19ல இருந்து 26 மி.மீ.குள்ள வரணும், அது ஸ்டாண்டர்ட் டேபிள்லயே இருக்கு. எனக்கு வந்தது 14. ரெண்டு பிளேட்லயும் 14. பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லுச்சு, நீ ஏன் டென்ஷன் ஆவுற, எல்லாரும் 22ன்னுதான் எழுதுவோம், பழைய தீசிஸ்ல இருக்கு பாருன்னு. அவ மேல எனக்குக் கோவம் இல்ல, அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

நான் அந்த பிளேட்ட எடுத்துட்டு அக்காகிட்ட போனேன். அவங்க ஜோன பாக்கவே இல்ல, பிளேட்ட பக்கவாட்டுல திருப்பி ஸ்கேல் வச்சாங்க. அகார் தடிமன் 6 மி.மீ.க்கு மேல. "எவ்ளோ ஊத்துன?" "பாதி வரைக்கும் ஊத்துனேன்க்கா." "பாதின்னா எவ்ளோ?" எனக்கு பதில் தெரியல. முல்லர் ஹின்டன் அகார்னா 4 மி.மீ.தான் இருக்கணும், 90 மி.மீ. பிளேட்டுக்கு 25 மில்லி அளந்து ஊத்துனா சரியா வரும்னு சொல்லிட்டு, தடிமனா இருந்தா மருந்து கீழயும் இறங்கிப் போயிடும், சுத்தி பரவறது குறையும், அதான் ஜோன் சின்னதாச்சுன்னு விளக்குனாங்க. அப்புறம் டர்பிடிட்டி, அதாவது பாக்டீரியா கலவையோட கலங்கல், எப்படி பாத்தன்னு கேட்டாங்க. நான் கண்ணாலதான் பாத்தேன், லேசா கலங்கலா இருந்தா போதும்னு நெனச்சுட்டேன். கலங்கல் அளவுக்கு ஸ்டாண்டர்டான மெக்ஃபார்லண்ட் 0.5 டியூப் பக்கத்துல வச்சு, பின்னாடி கருப்புக் கோடு போட்ட வெள்ளக் கார்டு வச்சு, ரெண்டுலயும் கோடு ஒரே மாதிரி மங்கலா தெரியணும், அப்பதான் மில்லிக்கு 15 கோடி செல் கிட்ட இருக்கும்னு காட்டுனாங்க. நான் போட்டது அதை விட ரொம்ப கெட்டி.

மறுபடி 38 கிராம் ஒரு லிட்டருக்குன்னு கணக்கு போட்டு மீடியா போட்டேன், ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி 15 நிமிஷம் வச்சு கிருமி நீக்கி, கை பொறுக்கற சூடு வந்ததும் அளவு ஜார்ல 25 மில்லி 25 மில்லியா அளந்து, சமமான டேபிள் மேல வச்சு ஊத்துனேன். அடுத்த நாள் காலையில 21. மறுநாள் 22. அந்த 22ம் அவ எழுதச் சொன்ன 22ம் பேப்பர்ல ஒரே நம்பர்தான், ஆனா என்னோடது எப்படி வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியும். பஸ்ல வீட்டுக்குப் போறப்ப அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன், அவங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனா சந்தோஷப்பட்டாங்க.

அதே மாதிரி நெகட்டிவ் கண்ட்ரோல், அதாவது எக்ஸ்ட்ராக்ட் இல்லாம அதைக் கரைக்கற சால்வென்ட்ட மட்டும் போட்டுப் பாக்கறது. மாடலுக்குன்னு கொடுத்த பழைய தீசிஸ் மூணுலயும் டேபிள்ல டி.எம்.எஸ்.ஓ. (அதுதான் அந்த சால்வென்ட்) கண்ட்ரோல்னு ஒரு கட்டம் இருக்கு, உள்ள கோடு மட்டும் போட்டிருக்கு, பிளேட் போட்டோவுல அதை ஊத்த அகார்ல வெட்டுன குழியே இல்ல. நான் போட்டுப் பாத்தேன். தண்ணி கலக்காத டி.எம்.எஸ்.ஓ. ஊத்துன குழிய சுத்தி லேசா ஒரு வட்டம் வந்துச்சு. அப்படின்னா எக்ஸ்ட்ராக்ட்டுக்கு வந்த ஜோன்ல எவ்ளோ செடியோடது எவ்ளோ சால்வென்ட்டோடதுன்னு எப்படி சொல்றது? தண்ணி சேத்து 10 சதவீதத்துக்கு குறைச்ச அப்புறம் அந்த வட்டம் போச்சு. எக்ஸ்ட்ராக்ட்டையும் அதே அளவுக்கு மாத்தி மூணு தடவ போட்டேன், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற பாக்டீரியாவுல 12, 13, 13 மி.மீ. ஈகோலைல ஒண்ணுமே வரல.

ரிசல்ட் ஷீட் காட்டுனப்ப சார், ஈகோலைக்கும் ஒரு 10, 11 போட்டுக்கோங்கம்மா, ஜீரோன்னு போட்டா எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேள்வி கேப்பாருன்னாரு. நான் முடியாது சார், வரலன்னா வரலதான்னேன். ஈகோலை மாதிரி கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுல வெளிய ஒரு மெம்ப்ரேன் கூடுதலா இருக்கு, நிறைய செடி எக்ஸ்ட்ராக்ட் அதைத் தாண்டி உள்ள போறதில்ல, அதுவே ஒரு ரிசல்ட்தானே. அவர் அதுக்கு மேல வற்புறுத்தல, அதையும் சொல்லிடணும். வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டது அந்த ஜீரோவப் பத்திதான், பத்து நிமிஷம் அதைப் பத்தியே பேசுனோம், எனக்கு அந்த ரெண்டு வருஷத்துல ரொம்பப் புடிச்ச பத்து நிமிஷம் அது.

மாலிக்குலர் பேக்கேஜ்னு ஒண்ணு சொல்வாங்க, 16எஸ் சீக்வென்சிங், அதாவது ஜீன வச்சு பாக்டீரியாவ அடையாளம் காணறது, தனியா காசு. என் ஃப்ரெண்ட் எடுத்தா. கல்ச்சர வாங்கி கொரியர்ல வேற ஊருக்கு அனுப்பிட்டு ரெண்டு வாரத்துல பி.டி.எஃப். வந்துச்சு. 27எஃப், 1492ஆர் ப்ரைமர்னு தீசிஸ்ல எழுதியிருக்கா, ஆனா பி.சி.ஆர். மெஷின் ஓடறத அவ பாக்கல, ஜெல் ஓட்டல, பைப்பெட் தொடல. வெளிய அனுப்பறது தப்பு இல்ல, பெரிய லேப்லயும் அனுப்பறாங்க, ஆனா கத்துத் தரோம்னு சொல்லி காசு வாங்கிட்டு ரிப்போர்ட் மட்டும் கையில கொடுத்தா அது எப்படிங்க ட்ரெய்னிங் ஆகும். செல் உயிரோட இருக்கான்னு கலர வச்சுப் பாக்கற எம்.டி.டி. அஸ்ஸே எடுத்த பையன் நிலைமையும் அதேதான், ஊதா கலர் 96 வெல் பிளேட் போட்டோ ஒண்ணு வந்துச்சு அவ்ளோதான்.

தீசிஸ் எழுதித் தர்றதுக்கும் ரேட் இருக்கு. எடுக்காதீங்க. அறிமுகப் பகுதி எல்லாருக்கும் ஒரே ஃபைல்தான், செடி பேரு மட்டும் மாறும். யு.ஜி.சி. 2018 ரெகுலேஷன்படி 10 சதவீதத்துக்கு மேல மத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போனா திருத்தி மறுபடி சப்மிட் பண்ணணும், எங்க பேட்ச்ல ஒரு பொண்ணுக்கு 38 வந்து, கடைசி வாரத்துல ராத்திரி பகலா உக்காந்து அழுதுக்கிட்டே மாத்தி எழுதுனா.

மத்தபடி சின்னச் சின்ன விஷயங்கள். 12,000னு சொன்னாங்க, டிஸ்க், பெட்ரி பிளேட், பைண்டிங் எல்லாம் சேத்து 16,500 ஆச்சு, முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. மூணு மாசம்னு பேரு, நான் கையால வேலை செஞ்சது 24 நாள், நோட்டுல எண்ணி வச்சிருக்கேன். மீடியா வைக்கற ஃப்ரிட்ஜ்லயே ஸ்டாஃப் டிபன் பாக்ஸ் இருக்கும், இது ரொம்ப ரொம்பத் தப்பு, அதுல ஸ்டாஃபைலோகாக்கஸ் பிளேட் இருக்குங்க. நல்லதும் சொல்றேன், யூஸ் பண்ண பிளேட்ட ஒரு நாள் கூட அப்படியே குப்பையில போடல, ஆட்டோகிளேவ் பண்ணிட்டுதான் வெளிய போகும். லேடீஸுக்கு டாய்லெட் சுத்தமா இருந்துச்சு. ஆறு மணிக்கு மேல யாரையும் இருக்க விடல, புதுக்கோட்டை பஸ் புடிக்கற எனக்கு அது நிம்மதி.

காசு கட்டாம போற வழியும் இருக்கு, அதை எங்களுக்கு யாரும் சொல்லல. இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸும் மத்த ரெண்டு அகாடமியும் சேந்து நடத்தற சம்மர் ஃபெலோஷிப்புல ரெண்டு மாசம் நல்ல லேப்ல வச்சு, அவங்களே ஸ்டைப்பண்டும் தர்றாங்க. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்துல ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் ஸ்கீம் இருக்கு, உங்க கைடு மூலமா காலேஜ் வழியா அப்ளை பண்ணணும், அதனால முதல் செமஸ்டர்லயே கைட நச்சரிங்க. எம்.பி.பி.எஸ். படிக்கற தம்பி தங்கச்சி இருந்தா ஐ.சி.எம்.ஆர். ஷார்ட் டெர்ம் ஸ்டூடன்ட்ஷிப்ப பாக்கச் சொல்லுங்க.

அதெல்லாம் கிடைக்காம சென்டருக்குத்தான் போகணும்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போயி உக்காருங்க. யாராவது ஒரு ஸ்டூடன்ட்கிட்ட உன் நெகட்டிவ் கண்ட்ரோல் பிளேட்ட காட்டுன்னு கேளுங்க. எடுத்துக் காட்டுனா சேருங்க. போட்டோதான் இருக்குன்னா கொஞ்சம் யோசிங்க.

அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா, சென்டருக்கு ரெண்டு, அந்த அக்காவுக்கு அஞ்சு. நான் இப்ப ஒரு பால் கம்பெனியில குவாலிட்டி கண்ட்ரோல்ல இருக்கேன், தினமும் பிளேட் ஊத்தறேன், இன்னிக்கும் அளந்துதான் ஊத்தறேன். போன மாசம் அக்காவுக்கு போன் பண்ணுனப்ப அவங்க அங்க இருந்து நின்னுட்டதா சொன்னாங்க. அதனால இப்ப அங்க சேரப்போறவங்க என்னோட அஞ்ச கணக்குல எடுத்துக்காம, அவங்க இடத்துல யாரு இருக்காங்கன்னு நேர்ல போயி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.