ஏ.எச்.எல்., இ.சி.எச்.எல்., ஐரோப்பா: டிராஃப்ட் ஆகாத ஐஸ் ஹாக்கி வீரர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல்.; அதன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை, வயது 24, 25 ஆகிவிட்டது, ஆனால் ஹாக்கியை விட மனசில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்கு வட அமெரிக்காவில் என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீக் இருக்கிறது, அதற்கு ஒரு படி கீழே இ.சி.எச்.எல்., இரண்டும் வேண்டாமென்றால் ஐரோப்பா. பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏ.எச்.எல். என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

ஏ.எச்.எல்.லின் பலம் தெரிந்ததுதான். 32 அணிகள், ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். அணியோடு இணைந்தது, மேலே யாருக்காவது காயம் என்றால் முதல் அழைப்பு இங்கேதான் வரும். எந்த லீக்கில் இருக்கிறாரோ அதற்கேற்ற சம்பளம் தரும் டூ-வே ஒப்பந்தம் கையில் இருந்தால் மேலே இருக்கும் நாட்களுக்கு என்.எச்.எல். சம்பளம், 2024–25 சீசனில் அதன் குறைந்தபட்சமே ஆண்டுக்கு 7,75,000 டாலர். சரி, ஆனால் அணி பணம் போட்டிருப்பது டிராஃப்டில் எடுத்த பையன்கள் மேல். பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) அவர்கள்தான் இறங்குவார்கள், டிராஃப்ட் ஆகாதவர் குறைவாகவே களமிறங்கும் நான்காவது லைனில் சில நிமிடங்கள் ஆடுவார், இல்லையென்றால் கோட் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார்ந்து பார்ப்பார்.

அதைவிட இ.சி.எச்.எல்.லில் தினமும் ஆடுவது மேல், முக்கியமாகக் கோல்கீப்பர்களுக்கு. கோல்கீப்பர்கள் ஜொனாதன் குவிக் ரெடிங்கிலும் ஜோர்டன் பின்னிங்டன் கலமசூவிலும் (இரண்டும் இ.சி.எச்.எல். அணிகள்) ஆடிவிட்டுத்தான் பிறகு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். டிராஃப்டே ஆகாத அலெக்ஸ் பரோஸ் இங்கிருந்து மேலே ஏறி என்.எச்.எல்.லில் 913 ஆட்டங்கள் ஆடினார். அதற்கான விலையும் கடுமை: சம்பளம் வாரக் கணக்கில், சீசன் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும், வெள்ளி சனி ஞாயிறு என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டம், நடுவில் ராத்திரி முழுக்க பஸ். அணியே தங்க இடம் கொடுக்கும், அது ஒன்றுதான் ஆறுதல். கோடையில் பலர் சிறுவர் முகாம்களில் ஹாக்கி சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கிறார்கள்.

ஐரோப்பா எப்போது? ஏ.எச்.எல்.லில் ஒரு விதி உண்டு. 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியவர்களுக்கு (கோல்கீப்பர் தவிர) ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருசில இடங்கள் மட்டுமே. நான்கு சீசனில் அந்த எண் வந்துவிடும், அதற்குள் மேலே போகாதவர் இளைஞர்களோடு அந்தச் சில இடங்களுக்கு மல்லுக்கட்ட வேண்டும். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான டி.ஈ.எல்.லில் ஒரு சீசனுக்கு ஏ.எச்.எல்.லின் 72-க்குப் பதில் 52 ஆட்டம், பயணம் குறைவு, வீடும் காரும் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே வந்துவிடும். பிரிட்டன் லீக்கில் பணம் குறைவு, ஆனால் சில அணிகள் முதுகலைப் படிப்பும் சேர்த்துத் தருகின்றன, முப்பதைத் தொடுபவருக்கு அது பெரிய விஷயம். 2009–10-இல் ஏ.எச்.எல்.லின் சிறந்த வீரர் விருது வாங்கிய கீத் ஓகாயின்கூட என்.எச்.எல்.லில் 145 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அப்புறம் ஜெர்மனியின் மியூனிக் அணிக்குப் போய் லீக் சாம்பியன் பட்டம் வென்றார்.

ஆக, கோல்கீப்பர் என்றால் இ.சி.எச்.எல்., நான்காவது லைனில் தேங்கிய ஃபார்வர்டு என்றாலும் ஒரு சீசன் அங்கேதான். குடும்பமும் குழந்தையும் இருந்தால் 260 வரை காத்திருக்காமல் ஜெர்மனிக்கே போகலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்: அங்கே வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, கோல் அடிக்காத வெளிநாட்டவரை வைத்துக்கொண்டு எந்த அணியும் பொறுமை காட்டாது.