புளியரை ஏற்றத்தில் 697 இன்ஜின் டாடா: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

செங்கோட்டையிலிருந்து புளியரை வரை சமதளம். புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. கோட்டைவாசல் வரை லோடு வண்டிக்கு முதல் இரண்டு கியரிலேயே வேலை. அங்கிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை வளைவும் இறக்கமுமாகப் போகும். போகும்போது சிமென்ட், காய்கறி, வைக்கோல், திரும்பும்போது மரம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் லோடோடு கடந்தாக வேண்டும். 697 இன்ஜின் பொருத்திய பழைய மூக்கு டாடா லாரியை இந்தப் பாதையில் வைத்து ஓட்டுபவர்கள் பெரும்பாலும் இன்ஜினுக்குத்தான் காசை இறைக்கிறார்கள். இங்கே வண்டியைத் தின்பது இன்ஜின் அல்ல. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரும், ஆசைக்குச் சேர்த்த ஸ்பிரிங் பட்டைகளும், மழையில் ஊறும் கேபினும்தான்.

இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 128 மி.மீ., மொத்தம் 5,675 சி.சி. மெர்சிடிஸ் ஓ.எம். 352-இன் அளவுகளே இவை. டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954 முதல் 1969 வரை சேர்ந்து இயங்கிய காலத்தின் வாரிசு. டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடுவது) இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4. ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று ஏறி ஒன்று இறங்கும் இடத்தில் நிறுத்தி முதல் சிலிண்டருக்கு வைக்க வேண்டும். அதன்பின் அதே வரிசை. எக்ஸாஸ்ட் இடைவெளியைச் சத்தம் குறையட்டும் என்று இறுக்கி வைத்தால் ஏற்றத்தில் சூடேறும்போது வால்வு முழுதாக மூடாது, வால்வு உட்காரும் சீட் எரியும். லேசான டிக்-டிக் சத்தத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஏற்றத்தில் இழுவை குறைந்தால் உடனே டீசல் பம்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டாம். முதலில் டீசல் டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை வரும் லைனைப் பாருங்கள். லைனை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் வாஷர் தேய்ந்து காற்று இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். அந்த இடத்தில் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும். லைனில் சேர்ந்த காற்றை வெளியே எடுக்கும்போது வரிசை முக்கியம்: ஹேண்ட் பிரைமரை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டரின் ஸ்க்ரூ, அடுத்து பம்பின் ஸ்க்ரூ, குமிழி நின்றபின் நாசில் நட்டுகள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இந்தப் பக்கம் பழகிப்போன தவறு. 80 டிகிரியை ஒட்டித் திறக்கும் அதை எடுத்துவிட்டால் ஏற்றத்துக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். ஆனால் தென்மலை இறக்கத்தில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுதாக எரியாமல் லைனர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவும், ரிங் தேயும். சூடு ஏறினால் ரேடியேட்டரை இறக்கி ராடு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பு படிந்து டியூப் பாதி அடைத்திருக்கும்.

இனி பிரேக். இந்த இன்ஜின் வந்த வண்டிகளில் சிலவற்றில் காற்று உதவியோடு ஆயில் பிரேக், சிலவற்றில் முழு ஏர் பிரேக். கீழே சொல்வது முழு ஏர் பிரேக்குக்கு. கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் தொடும் கணவாயில் அது இன்னும் அதிகம். தினமும் ஓட்டம் முடிந்து வண்டி சூடாக இருக்கும்போதே எல்லா ஏர் டேங்க்கின் டிரெய்ன் வால்வையும் திறங்கள், கம்ப்ரஸருக்கு அடுத்த டேங்க்கை முதலில். வெறும் தண்ணீர் வந்தால் சரி. கறுத்த ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங் போய்விட்டது. அந்த ஆயில் வால்வுகளின் ரப்பரை ஊற வைத்து, பெடலை விட்டபின்னும் பிரேக் பிடித்தே இருக்கும்படி செய்யும்.

ஸ்லாக் அட்ஜஸ்ட்மென்ட்டை, அதாவது பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வதை, அளக்காமல் குத்துமதிப்பாகச் செய்வதுதான் பெரிய ஆபத்து. சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விட்டு, ஷூ டிரம்மில் ஒட்டும்வரை முடுக்கி, பிறகு ஏறக்குறைய அரைச் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். அதன்பின் பிரேக் சேம்பரிலிருந்து காற்று தள்ளும் புஷ் ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, முழுக் காற்றில் பெடலை அழுத்தி அளந்து பாருங்கள். 24-ஆம் வகை சேம்பருக்கு 45 மி.மீ., 30-ஆம் வகைக்கு 50 மி.மீ. தாண்டக் கூடாது. ஒரே ஆக்ஸிலில் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும். இந்த அளவு ஏன் என்றால், இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும். ஷூ இன்னும் தூரம் போக வேண்டியிருக்கும். ஷெட்டில் நிற்கும்போது சரியாகப் பிடித்த வண்டி பாதி இறக்கத்தில் பிடிக்காமல் போவது இதனால்தான்: சேம்பருக்குள் ராடு போக வேறு இடமே மிச்சமில்லை. ஸ்லாக்கை முடுக்கியும் அளவு குறையவில்லை என்றால் ஷூவை விரிக்கும் எஸ் கேமின் புஷ் தேய்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினாலே தெரியும்.

பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்ப்பை எந்தப் பட்டறையிலும் திறக்க விடாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் வெளியே வந்தால் ஆளைக் கொல்லும். கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டியபின் முழு சேம்பரையும் மாற்றுவதே முறை.

எக்ஸாஸ்ட் குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கழற்றிவிட்ட வண்டிகள் இந்தப் பாதையில் நிறைய. பட்டர்ஃபிளை ஷாஃப்ட்டில் கரி இறுகி ஒட்டிக்கொள்கிறது என்பதே புகார். மண்ணெண்ணெயில் ஊற வைத்து விடுவித்தால் போதும். இன்ஜின் ஆயில் விட்டால் சூட்டில் காய்ந்து மறுபடி ஒட்டும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய வழக்கமும் வேலை செய்யும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்தால் லைனிங்கின் ஆயுள் கண்கூடாகக் கூடுகிறது.

பட்டை விஷயம். பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் வண்டி உட்காராது என்பது உண்மை. பட்டை வளைந்து வாங்க வேண்டிய அடியை அப்போது சேஸிஸ் வாங்குகிறது. பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஹேங்கர் பிராக்கெட்டின் ரிவெட் தளர்ந்து, அதைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும். பட்டைகளின் நடுவே போகும் சென்டர் போல்ட் அடிக்கடி முறிந்தால் போல்ட்டைக் குறை சொல்லாதீர்கள், பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. பட்டை வேலை முடிந்து 500 கிலோமீட்டருக்குள், லோடு இருக்கும்போது, யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடும், முன் டயர் ஓரம் தேயும். தளர்ந்த ரிவெட்டுக்கு வெல்டிங் வேண்டாம். துளையை ரீம் செய்து, இறுக்கமாகப் பொருந்தும் 10.9 தர போல்ட் போடுங்கள்.

மாற்றங்களில் காசுக்கு உண்மையாகவே பலன் தருபவை இரண்டு. ஒன்று பவர் ஸ்டியரிங். எஸ் வளைவில் லோடோடு திருப்பும் டிரைவரின் தோளைக் காப்பாற்றும். பொருத்துவதற்கு முன், முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னின் புஷ் ஆட்டத்தைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் கையில் தெரியாமல் மறைந்துபோகும். இன்னொன்று ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய வயரிங்கில் முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போய் வருவதால் வோல்டேஜ் விழுகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போதும். அதே பல்பு மூடுபனியில் வேறு வெளிச்சம் தரும். பாடியின் நீளத்தையோ இன்ஜின் வகையையோ தொடும் மாற்றமென்றால் அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் வரும். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் வரும் என்பதால் இதை மறைத்து ஓட்டவும் முடியாது.

கேபின் மரத்தில் முதலில் போவது கதவுத் தூணின் அடி. மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே தங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே மரம் பொடியாக இருக்கும். திருப்புளியால் அடியில் குத்திப் பாருங்கள், இறங்கினால் அந்த ஓரத் தகரத்தைப் பிரித்தே ஆக வேண்டும். மக்கிய துண்டை வெட்டி எடுத்து, புது மரத்தின் வெட்டு முனைகளில் பிரைமர் ஊறும்படி அடித்து, தகரத்தின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் முடிக்க வேண்டிய வேலை இது. சாரல் தொடங்கினால் மரம் காயாது, பிரைமரும் பிடிக்காது.